கை கற்றுக் கொடுத்த பாடம்



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தா என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டபோது, நான் சொன்ன பெயரைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். மரியா மாண்டிசோரி! எல்.கே.ஜி. பிள்ளைகளோட சமாச்சாரம் பாலிடெக்னிக் மலரில் எதற்கு என்று ஒருவன் கேட்டான். விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றி எழுது, எடிசனைப் பற்றி எழுது என்றான் இன்னொருவன்.

அவர்களுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். அந்த அம்மா நம்ம ஜாதி. ஆம்! மரியா மாண்டிசோரி படித்தது டெக்னிக்கல் ஸ்கூலில். இஞ்சினியர் ஆக வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் ஆசை. பின்னாளில் அவர் குழந்தைகளுக்காகச் செய்து வைத்த பொருட்களைப் பார்த்தால், ஒரு நல்ல பொறியாளரின் மூளை அதில் வேலை செய்திருப்பது நமக்கு உடனே புரியும். அதைவிட முக்கியம் இன்னொன்று. மனிதன் பிறந்தது முதல் இருபத்து நாலு வயது வரை எப்படி வளர்கிறான், எப்படிக் கற்றுக் கொள்கிறான் என்று வாழ்நாள் முழுக்க யோசித்தவர் அவர். நம்ம வயசுக்கும் அவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். அதைத் தெரிந்து கொள்ள நமக்கு ஆசை இருக்காதா என்ன?

தொழில்நுட்பப் பள்ளியில் ஒரு பெண்

1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் தேதி, இத்தாலியில் அங்கோனா மாவட்டத்தில் உள்ள கியாரவாலே என்ற சிற்றூரில் மரியா பிறந்தார். அப்பா அலெஸாண்ட்ரோ அரசாங்க உத்தியோகஸ்தர். நிதித்துறையில், அரசுப் புகையிலை ஆலைக் கணக்குகளைப் பார்ப்பவர். அம்மா ரெனில்டே நிறையப் படிப்பவர். ஒரே மகள். மரியாவுக்கு ஐந்து வயதாகும்போது குடும்பம் ரோம் நகரத்துக்கு வந்து விட்டது.

அந்தக் காலத்து இத்தாலியில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் வேலைக்குப் போக வேண்டுமென்றால் அது டீச்சர் வேலைதான். மரியாவோ பதின்மூன்று வயதில், பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். அது முடிந்ததும் லியனார்டோ டாவின்சி பெயரில் இருந்த தொழில்நுட்ப நிறுவனம். கணக்கும் இயற்பியலும் பாடங்கள். 1890 வரை அங்கே படித்தார். அப்பாவுக்கு இதில் விருப்பமில்லை. அம்மா மட்டும் மகள் பக்கம்.

படிப்பு முடியும் நேரத்தில் மரியாவின் ஆசை மாறி விட்டது. இஞ்சினியர் வேண்டாம், டாக்டர் ஆக வேண்டும்! ரோம் பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர் குய்டோ பாச்செல்லியைப் போய்ப் பார்த்தார். அவர் ஊக்கம் தரவில்லை. மரியா மனம் தளரவில்லை. முதலில் இயற்கை அறிவியலில் சேர்ந்து 1892ல் அதை முடித்து, அந்தத் தகுதியை வைத்து மருத்துவத்துக்குள் நுழைந்தார். நேர் வாசல் மூடியிருந்தால் பக்கத்து வாசல் வழியாகப் போகலாம் என்பது, டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாமாண்டு பி.இ. சேரும் நம்ம அண்ணன்களுக்குப் புதிதல்ல!

ஆண் மாணவர்களோடு சேர்ந்து நிர்வாண உடலை அறுத்துப் பார்ப்பது பெண்ணுக்குத் தகாது என்று சொல்லி விட்டார்கள். அதனால் எல்லோரும் போன பிறகு, பிணவறையில் தனியாக நின்று அறுத்துப் பழகினார் மரியா. அந்த மருந்து நாற்றத்தைத் தாங்க முடியாமல் புகையிலையைப் புகைத்துச் சமாளித்தாராம். 1896ல் டாக்டர் பட்டம் வாங்கினார். இத்தாலியில் பட்டம் பெற்ற முதல் சில பெண் மருத்துவர்களில் ஒருவர். ஊக்கம் தராத அதே பாச்செல்லி பின்னாளில் கல்வி அமைச்சராக இருந்தபோது, ரோம் நகர ஆசிரியைகளுக்குச் சொற்பொழிவு ஆற்ற இவரை அழைத்தார். விருப்பமில்லாத அப்பாவோ, மகளைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததையெல்லாம் வெட்டி ஒட்டித் தொகுத்து வைத்தார். காலம் செய்யும் வேலையைப் பாருங்கள்!

ரொட்டித் துணுக்குகள்

மனநோய்த் துறையில் வேலை. அதற்காக ரோம் நகரத்து மனநோய் விடுதிகளுக்குப் போய் வந்தார். அன்றைக்கு மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் அந்த விடுதிகளில்தான் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே நடந்ததாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் ஒன்றைச் சொல்கிறார்கள். ஒரு வெற்று அறை. அதில் குழந்தைகள். சாப்பாடு முடிந்ததும் அவர்கள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகிறார்கள். பார்த்துக் கொள்ளும் பெண்மணி, இதுகளுக்கு எவ்வளவு தின்றாலும் அடங்காது என்று அருவருப்பாகப் பேசுகிறாள். மரியா சுற்றிலும் பார்த்தார். அந்த அறையில் தொட்டுப் பார்க்க, பிடித்துப் பார்க்க ஒரு பொருள்கூட இல்லை. அந்தக் குழந்தைகளின் பசி வயிற்றுப் பசி அல்ல. கையின் பசி! கையில் பிடித்து உருட்டிப் பார்க்க அவர்களுக்குக் கிடைத்தது அந்தத் துணுக்கு மட்டும்தான்.

மரியாவின் மொத்தச் சிந்தனைக்கும் இதுதான் அஸ்திவாரம் என்று எனக்குத் தோன்றுகிறது. கைதான் மூளைக்கு வாசல். கைக்கு வேலை இல்லாவிட்டால் மூளை பட்டினி கிடக்கும்.

இத்தார், செகன் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் அவருக்கு முன்பே இந்த வழியில் நடந்தவர்கள். காட்டில் கிடைத்த ஒரு சிறுவனுக்குக் கற்றுக் கொடுக்கப் பாடுபட்டவர் இத்தார். அவரிடம் பயின்ற செகன், மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கென்று தனிப் பயிற்சி முறையே வகுத்தவர். இருவருடைய நூல்களையும் மரியா தேடிப் படித்தார். 1900ல் ரோமில் இத்தகைய குழந்தைகளுக்கும் அவர்களின் ஆசிரியர்களுக்குமாக ஒரு பள்ளி திறந்தபோது, அதன் இரு இயக்குநர்களில் ஒருவரானார். பகல் முழுக்கக் குழந்தைகளோடு. இரவில் குறிப்பு எழுதுவது. விளைவு? உதவாது என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளில் சிலர், சாதாரணக் குழந்தைகளோடு உட்கார்ந்து பொதுப்பள்ளித் தேர்வு எழுதிப் பாஸ் செய்தார்கள்!

எல்லோரும் இதை அதிசயம் என்றார்கள். மரியா மட்டும் வேறு ஒரு கேள்வியில் மாட்டிக் கொண்டார். இந்தக் குழந்தைகளே இவ்வளவு தூரம் வர முடிந்தால், நல்ல ஆரோக்கியமான குழந்தைகளை நம் பள்ளிக்கூடங்கள் என்ன செய்து இந்த அளவுக்குக் கீழே வைத்திருக்கின்றன? நண்பர்களே, இந்தக் கேள்விக்கு இன்னும் வயசாகவில்லை.

ஒரு தாயின் கதை

இந்த இடத்தில் ஒரு வருத்தமான விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பெரியவர்களைப் பற்றி எழுதும்போது இதையெல்லாம் விட்டு விடுவது வழக்கம். விட்டு விட்டால் அவர் மனுஷியாகத் தெரிய மாட்டார் என்பது என் கட்சி.

அந்தப் பள்ளியின் இன்னொரு இயக்குநர் டாக்டர் மாண்டிசானோ. அவரும் மரியாவும் காதலித்தார்கள். 1898 மார்ச் 31ஆம் தேதி ஒரு மகன் பிறந்தான். மரியோ என்று பெயர். கல்யாணம் நடக்கவில்லை. கல்யாணம் ஆகாத தாய் என்று வெளியே தெரிந்தால் டாக்டர் வேலையும் போகும், மானமும் போகும் என்ற காலம் அது. குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்து விட்டார்கள். மரியா அவ்வப்போது போய்ப் பார்த்து வருவார். தாய் என்று சொல்லிக் கொள்ளாமல்! 1901ல் மாண்டிசானோ வேறு ஒரு பெண்ணை மணந்து கொண்டார். மரியா அந்தப் பள்ளியை விட்டே வெளியேறினார்.

உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் வழி சொன்னவரால், சொந்தக் குழந்தையின் முதல் எழுத்தை, முதல் வார்த்தையைப் பக்கத்தில் இருந்து பார்க்க முடியவில்லை. அவருடைய அம்மா 1912ல் இறந்த பிறகுதான், சுமார் பதினைந்து வயதான மரியோவைத் தன்னோடு அழைத்து வந்தார். அப்போதும் ஊருக்கு அவன் அக்காள் தங்கை பிள்ளை அல்லது வளர்ப்புப் பிள்ளை. அந்த மகனோ, அதற்குப் பிறகு நாற்பது வருஷம் அம்மாவின் வலது கையாக இருந்தான்.

சரி, 1901ல் வேலையும் போய், மனமும் உடைந்து நின்ற அந்த முப்பத்தோரு வயதுப் பெண் என்ன செய்தார் தெரியுமா? திரும்பவும் மாணவியானார்! அதே ரோம் பல்கலைக்கழகத்தில் தத்துவம், உளவியல், மானிடவியல் வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். இத்தார், செகன் எழுதிய பிரெஞ்சு நூல்களை முதலிலிருந்து கடைசி வரை இத்தாலிய மொழியில் தன் கைப்பட எழுதினார். ஒவ்வொரு வார்த்தையின் எடையும் தனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அச்சில் ஏறப் போகாத அந்த மொழிபெயர்ப்பைச் செய்தார். ஒரு ரெக்கார்டு நோட் எழுதவே சலித்துக் கொள்ளும் நாம் இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பார்க்கணும்.

சுவரைக் காப்பாற்ற வந்த பள்ளிக்கூடம்

ரோமில் சான் லோரென்சோ என்று ஓர் ஏழைக் குடியிருப்பு. பாதியில் நின்று போன கட்டிடங்கள். கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள். ஒரு கட்டிட நிறுவனம் அந்த வீடுகளைப் புதுப்பித்து வாடகைக்கு விட்டது. பெற்றோர் வேலைக்குப் போனதும் வாண்டுகள் மாடிப்படிகளில் ஓடி ஆடி, சுவரையெல்லாம் கிறுக்கிப் பாழ் பண்ணின. வெள்ளையடிக்கிற செலவை விட, ஓர் அறையில் பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ள ஆள் வைப்பது லாபம் என்று நிறுவனம் கணக்குப் போட்டது. மரியாவைக் கூப்பிட்டார்கள். 1907 ஜனவரி 6ஆம் தேதி குழந்தைகள் இல்லம் திறந்தது. சுமார் ஐம்பது குழந்தைகள். பார்த்துக் கொள்ள, ஆசிரியர் பயிற்சி இல்லாத ஒரு பெண். உலகப் புகழ் பெற்ற ஒரு கல்வி முறை பிறந்தது இப்படி, சுவரைக் காப்பாற்ற!

அங்கே மரியா பெரிதாக ஒன்றும் போதிக்கவில்லை. உற்றுப் பார்த்தார், அவ்வளவுதான். டாக்டர் நோயாளியைப் பார்ப்பது போல, நாம் லேபில் மீட்டரைப் பார்ப்பது போல.

ஒரு நாள் மூன்று வயது இருக்கும் ஒரு சின்னப் பெண், மரக்கட்டையில் உள்ள துளைகளில் உருளைகளைப் பொருத்தி எடுத்துக் கொண்டிருந்தாள். சுற்றி மற்ற பிள்ளைகளைப் பாட வைத்தார்கள். உட்கார்ந்திருந்த நாற்காலியோடு தூக்கி மேசை மேல் வைத்தார்கள். அவள் நிமிரவே இல்லை. நாற்பது தடவைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்து, பிறகு தானாகவே நிறுத்தி, நன்றாகத் தூங்கி எழுந்தவள் போலச் சிரித்தாள். குழந்தைக்கு ஒரு நிமிஷம் கூடக் கவனம் நிற்காது என்று யார் சொன்னது? வேலை சரியானதாக இருந்தால் நிற்கும்.

இன்னொரு நாள் மூக்குச் சிந்துவது எப்படி என்று ஒரு பாடம் எடுத்தார். கைக்குட்டையை எப்படி மடிப்பது, சத்தமில்லாமல் எப்படித் துடைப்பது என்று செய்து காட்டினார். குழந்தைகள் சிரிப்பார்கள் என்று பார்த்தால், எல்லோரும் கை தட்டினார்கள்! மூக்கு ஒழுகுகிறது என்று எல்லோரும் அவர்களைத் திட்டியிருக்கிறார்கள். எப்படிச் சிந்துவது என்று அதுவரை யாரும் சொல்லித் தரவில்லை. நண்பர்களே, தெரியவில்லை என்று திட்டு வாங்கிய ஒவ்வொருவனுக்கும் அந்தக் கைதட்டலின் அர்த்தம் புரியும்.

எழுத்துக் கதை இன்னும் அழகு. மரத்தில் செய்த எழுத்துகள் வேண்டும் என்பது மரியாவின் எண்ணம். அதற்கு வழி அமையவில்லை. உப்புக் காகிதத்தை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டினார். விரலால் தடவினால் சொரசொரப்பே வழி காட்டும். விரல் தடம் மாறினால் வழவழப்பு காட்டிக் கொடுக்கும். மலிவாகச் செய்தது, விலை உயர்ந்ததை விட நன்றாக வேலை செய்தது! சில மாதங்கள் கழித்து, வெயில் அடித்த ஒரு டிசம்பர் நாளில் மொட்டை மாடியில் ஐந்து வயதுப் பையன் ஒருவனிடம் சாக்பீஸ் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்து முடித்தவன், திடீரென்று எழுதத் தொடங்கி விட்டான். யாரும் அவனை எழுதச் சொல்லவில்லை. தரையில் அவன் முதலில் எழுதிய சொல் என்ன தெரியுமா? கை!

தப்பைச் சொல்லும் பொருள்

இங்கேதான் டெக்னிக்கல் ஸ்கூல் மாணவி வெளியே வருகிறார். அவர் வடிவமைத்த பொருட்களை ஒரு டிப்ளமோ மாணவனின் கண்ணோடு பாருங்கள்.

உருளைக் கட்டை ஒன்றில் பத்துத் துளை, பத்து உருளை. ஒவ்வொன்றும் தன் துளையில் மட்டும்தான் சரியாக உட்காரும். தப்பாகப் போட்டால் கடைசியில் ஓர் உருளை மிஞ்சும், அல்லது உள்ளே போகாது. டீச்சர் வந்து தப்பு என்று சொல்லத் தேவையே இல்லை. இது நம்ம மெட்ராலஜி லேபில் இருக்கும் பிளக் கேஜ் அல்லாமல் வேறென்ன? மேலே சின்னக் குமிழ். மூன்று விரலால் பிடித்துத் தூக்க வேண்டும். நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கப் போவதும் அந்த மூன்று விரல்தான்!

இளஞ்சிவப்புக் கோபுரம் என்று பத்துக் கனசதுரங்கள். ஒரு சென்டிமீட்டரில் தொடங்கிப் பத்து சென்டிமீட்டர் வரை. சின்னது 1 கன சென்டிமீட்டர், பெரியது 1000 கன சென்டிமீட்டர். குழந்தைக்கு இந்தக் கணக்குத் தெரியாது. ஆனால் கைக்கு எடை தெரியும். தங்க நிற மணிகள்: ஒன்று ஒரு மணி, பத்து ஒரு கம்பி, நூறு ஒரு சதுரம், ஆயிரம் ஒரு கனசதுரம். இன்னொரு பெட்டியில் வண்ணம் தீட்டிய எட்டு மரத்துண்டுகள். சேர்த்து அடுக்கினால் ஒரு கனசதுரம். அது என்ன? (அ+ஆ) என்பதன் மும்மடி விரிவு! நாம் பதினாறு வயதில் மனப்பாடம் செய்து வைவாவில் மறந்து போகிற சூத்திரத்தை, நாலு வயதுக் குழந்தை விளையாட்டாக அடுக்குகிறது. பின்னால் அந்தச் சூத்திரம் காகிதத்தில் வரும்போது, அது பழைய சிநேகிதன்.

முதலாமாண்டு பிட்டிங் ஷாப்பில் எம்.எஸ். பிளாட்டை அராவியதை நினைத்துப் பாருங்கள். ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், இடுக்கில் தெரியும் கீற்று வெளிச்சம் எவ்வளவு தப்பு என்று சொல்லி விடும். அவமானம் இல்லை, பயம் இல்லை. இன்னும் ரெண்டு தேய் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அந்த ஷாப்பில் வந்த தைரியம் எந்தத் தியரி பரீட்சையிலும் வந்ததில்லை. தப்பை மனிதன் சுட்டிக் காட்டினால் மாணவன் ஒடுங்குகிறான். பொருள் சுட்டிக் காட்டினால் திருத்திக் கொள்கிறான். மாண்டிசோரி முறையின் உயிர்நாடி இதுதான்.

நான்கு பருவங்கள்

1909ல் அவருடைய முறையை விளக்கும் நூல் வந்தது. பல மொழிகளுக்குப் போனது. 1915ல் சான்பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறையில் குழந்தைகள் வேலை செய்வதை மக்கள் கூட்டம் கூட்டமாக நின்று பார்த்தார்கள். எதிர்ப்பும் இருந்தது. பொருட்களைக் குறிப்பிட்ட ஒரே விதத்தில்தான் கையாள வேண்டும் என்பது இறுக்கமானது, கற்பனை விளையாட்டுக்கு இடமில்லை என்று அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1914லேயே எழுதினார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

போகப் போக மரியா குழந்தையோடு நிற்கவில்லை. மனித வளர்ச்சியை ஆறு ஆறு வருஷமாக நான்கு பருவங்களாகப் பிரித்தார்.

முதல் பருவம், பிறப்பு முதல் 6 வயது வரை. பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது போல மனம் சுற்றுப்புறத்தை உறிஞ்சிக் கொள்ளும் காலம். யாரும் இலக்கணம் சொல்லித் தராமலே தாய்மொழி வந்து விடுகிறது அல்லவா, அப்படி.

இரண்டாம் பருவம், 6 முதல் 12 வரை. ஏன், எப்படி என்று கேட்கும் காலம். நியாய அநியாயம் பேசும் காலம். கூட்டம் சேரும் காலம். உடம்பும் மனமும் ஓரளவு நிலையாக இருக்கும். எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக் கொள்ளும்.

மூன்றாம் பருவம், 12 முதல் 18 வரை. மரியா சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த இடம். இந்த வயதுப் பிள்ளை பச்சைக் குழந்தை மாதிரி மென்மையானவன் என்கிறார். சிறுவன் மறைந்து, சமுதாய மனிதன் அப்போதுதான் புதிதாகப் பிறக்கிறான். உடம்பு அசுர வேகத்தில் மாறும். சந்தேகம், கூச்சம், காரணமில்லாத அழுகை. படிப்பில் கவனம் திடீரென்று குறைவதும் உண்டு. அது சோம்பேறித்தனமோ திமிரோ அல்ல, அந்த வயதின் குணம். இந்த நேரத்தில் அவமானப்படுத்துவது பெரிய கேடு. அந்த வயதுக்கு வேண்டியது நிலத்தில் வேலை, விளைந்ததை விற்றுத் தானே சம்பாதிக்கும் அனுபவம், தன்னாலும் முடியும் என்ற மரியாதை.

நம் ஊரில் அந்தப் பருவத்தின் நட்ட நடுவில்தான் பத்தாம் வகுப்புப் பரீட்சை வருகிறது. அந்த மார்க்கை வைத்துத்தான் நம்மை எடை போட்டார்கள். மார்க் குறைந்ததால் பாலிடெக்னிக் என்று சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்தில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்! பச்சைக் குழந்தையின் எடையை ஒரு முறை போட்டு, ஆயுளுக்கும் இதுதான் எடை என்று எழுதி வைப்பார்களா?

நான்காம் பருவம், 18 முதல் 24 வரை. நம்ம பருவம்! இந்த உலகத்தில் என் வேலை என்ன என்று கேட்கும் காலம். புயல் கொஞ்சம் அடங்கி, மனம் நிலைப்படும். இந்த வயதில் படிப்பை மட்டும் செய்து கொண்டு, பிறர் கையை எதிர்பார்த்து இருப்பது மனிதனைப் பலவீனமாக்கும் என்பது மரியாவின் எண்ணம். உழைத்துச் சம்பாதித்துக் கொண்டே படிப்பது நல்லது என்று எழுதினார். சாயங்காலம் ஒர்க்‌ஷாப்பிலும் செராக்ஸ் கடையிலும் வேலை பார்த்துப் பீஸ் கட்டும் நம் நண்பர்கள் இதைக் கேட்டுத் தலை நிமிரலாம்.

வயது எல்லைகள் இப்படி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல இருக்காது. ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் இன்றைய மூளை ஆராய்ச்சியும், முன்யோசனைக்கும் நிதானத்துக்கும் உரிய மூளைப் பகுதி இருபது வயதுக்குப் பிறகும் முதிர்ந்து கொண்டே இருக்கிறது என்றுதான் சொல்கிறது. அதாவது நாம் இன்னும் முடிந்து போன ஜாப் அல்ல. மெஷினில் இருக்கிற ஜாப்!

இன்னொரு விஷயம். தமிழ் மீடியத்தில் படித்து விட்டு வந்து, இங்கே ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து மிரண்டவர்கள் நாம். ரெண்டு வயதில் தமிழ் தானாக வந்தது. பதினேழு வயதில் ஆங்கிலம் தானாக வராது. உறிஞ்சும் மனத்தின் காலம் முடிந்து விட்டது. இனி முயன்றுதான் கற்க வேண்டும். கஷ்டமாக இருப்பதால் நாம் மக்கு என்று அர்த்தமல்ல. பாதை வேறு, அவ்வளவுதான்.

அடையாறும் கொடைக்கானலும்

மரியாவின் வாழ்வில் நம் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. 1924 முதல் பத்தாண்டுகள் முசோலினி அரசு அவருடைய பள்ளிகளை ஆதரித்தது. அவரும் அந்த ஆதரவை ஏற்றுக் கொண்டார். இது அவர் வாழ்வில் ஒரு கறை என்றே சொல்வேன். ஆனால் சுதந்திரமாக யோசிக்கும் குழந்தையும் சர்வாதிகாரமும் எத்தனை நாள் ஒத்துப் போகும்? 1934ல் உறவு முறிந்தது. மரியா இத்தாலியை விட்டு வெளியேறினார். ஜெர்மனியில் நாஜிகள் அவருடைய நூல்களைக் கொளுத்தினார்கள். 1936ல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வர, பார்சிலோனாவை விட்டுத் தப்பி நெதர்லாந்து போனார்.

1939ல், அறுபத்தொன்பது வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மகன் மரியோவோடு சென்னை அடையாறுக்கு வந்தார். சுமார் முன்னூறு பேருக்கு ஆசிரியர் பயிற்சி. மரியா இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ ஆங்கிலத்தில் சொல்வார். சில மாதங்களுக்கென்று வந்தவர்கள்தான். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியர் என்பதால் பிரிட்டிஷ் அரசு மரியோவை முகாமில் அடைத்தது. மரியாவை அடையாறு எல்லைக்குள் இருக்கச் சொன்னது. ஆகஸ்டு 31, அவருடைய எழுபதாவது பிறந்த நாள். அன்று மகனை விடுதலை செய்து பிறந்த நாள் பரிசாக அனுப்பி வைத்தார் வைசிராய். மகன் என்றே குறிப்பிட்டு! நாற்பது வருஷமாக வாய் விட்டுச் சொல்ல முடியாத உறவை, எதிரி நாட்டு அரசாங்கம் ஒரு தந்தியில் சொல்லி விட்டது.

1942 முதல் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கினார். அங்கே பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்த சிறு பள்ளியில், செடி கொடி, பூமியின் கதை என்று 6 முதல் 12 வயதுக்கான பாடங்களை மகனோடு சேர்ந்து உருவாக்கினார். இந்தியாவில் அவர் பயிற்சி கொடுத்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். சிறு குழந்தையின் உறிஞ்சும் மனத்தைப் பற்றிய அவருடைய முக்கியமான நூல், இந்தியாவில் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து பிறந்து, 1949ல் அடையாறில்தான் முதலில் அச்சானது. உலகமே படிக்கும் ஒரு நூல் நம் சென்னையில் அச்சு மையின் வாசனையோடு வெளிவந்தது என்பது நமக்குப் பெருமை இல்லையா?

1949, 1950, 1951 மூன்று ஆண்டுகளும் நோபல் சமாதானப் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. கிடைக்கவில்லை. 1952 மே 6ஆம் தேதி, நெதர்லாந்தில் நோர்ட்வெய்க் என்ற கடலோர ஊரில் காலமானார். வயது 81. இறக்கும் தருவாயில்கூட ஆப்பிரிக்காவுக்குப் போய்க் கற்றுக் கொடுப்பது பற்றிப் பேசிக் கொண்டிருந்தாராம். எந்த நாட்டை விட்டு வெளியேற நேர்ந்ததோ, அந்த இத்தாலியே 1990ல் ஆயிரம் லிரா நோட்டில் அவர் படத்தைப் போட்டது. 2002ல் யூரோ வரும் வரை அந்த நோட்டு இத்தாலியர்களின் சட்டைப் பையில் இருந்தது.

நமக்கு என்ன?

ஏழைக் குடியிருப்பில் பிறந்த அந்த முறை, இன்று நம் ஊரில் பெரும்பாலும் பீஸ் கட்ட வசதி உள்ளவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் கிடைக்கிறது. சான் லோரென்சோ பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அந்த முறையின் உயிர் விலை உயர்ந்த மரப் பொருட்களில் இல்லை. உப்புக் காகிதத்திலேயே அது வேலை செய்தது.

அவர் வயதுகளை மட்டும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். 13ல் தொழில்நுட்பப் பள்ளி. 25ல் டாக்டர். 31ல் மறுபடி மாணவி. 36ல் குழந்தைகள் இல்லம். அறுபதைத் தாண்டி நாட்டை விட்டு வெளியே. 69ல் அடையாறு. 81ல் அடுத்த பயணத்துக்குத் திட்டம். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு படிப்பு உண்டு என்று சொன்னவர், சொன்னபடியே வாழ்ந்தும் காட்டினார்.

ஆகவே நண்பர்களே, கையில் கிரீஸ் படிந்த படிப்பு தாழ்ந்த படிப்பு என்று இனி யாராவது சொன்னால், சண்டைக்குப் போகாதீர்கள். அந்த மொட்டை மாடியில் ஐந்து வயதுப் பையன் முதன் முதலில் எழுதிய சொல்லை மட்டும் அவருக்குச் சொல்லுங்கள். நாளைக்கு நாமும் அப்பா, அம்மா ஆவோம். சிலர் சூபர்வைசர் ஆகி அப்ரண்டிஸ் பையன்களுக்கு வேலை சொல்லித் தருவோம். அப்போது ஒரு பையன் தெரியாமல் விழித்தால், திட்டுவதற்கு முன்னால், இதை எப்படிச் செய்வது என்று அவனுக்கு யாராவது ஒரு தடவையாவது செய்து காட்டினார்களா என்று கேட்டுக் கொள்வோம். யாரும் காட்டவில்லை என்றால், நாம் காட்டுவோம்!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்